உத்தரவாதப் பத்திரம் காப்பாகுமா?

2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதிலும், வரிச்சுமையால் மாத்தளை மாவட்டத்தின் நடுத்தரக் குடும்பங்கள் பாவித்த வாகனங்களையே நாடுகின்றன. அவற்றுக்கு, தயாரிப்பாளரோ விற்பனையாளரோ அல்லாத மூன்றாம் தரப்பினர் பணம் பெற்று வழங்கும் உத்தரவாதம் பெறுமதியானதா?

கிளச், பிரேக் போன்ற தேய்மானப் பாகங்களை இத்தகைய பத்திரங்கள் பொதுவாக ஏற்பதில்லை. ரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டனுக்கு ஏறும் மலைப்பாதையில் விரைவாகத் தேய்வனவோ அவைதாம். பெருஞ்செலவு வைக்கும் ஹைபிரிட் பற்றரியையும் கியர்பெட்டியையும் எழுத்தில் ஏற்காத பத்திரம் வீண்செலவே. ஏற்றாலும், அதை வழங்கிய நிறுவனம் மூடப்பட்டால் பயனில்லை.

ஆகவே, வாங்குமுன் நம்பகமான மெக்கானிக்கைக் கொண்டு பரிசோதிப்பதே முதற்காப்பு. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தும் வணிகத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்கிறது. அச்சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை, விலக்கப்பட்ட பாகங்களை முதற்பக்கத்திலேயே தமிழிலும் அச்சிடுமாறு பணிக்க வேண்டுமென வலியுறுத்துகிறோம்.