ஆறாவது ரீடிங்

லேப்ல நம்ம எல்லாருக்கும் ஒரு பழக்கம் உண்டு. மறுக்காதீங்க! அஞ்சு ரீடிங் எடுப்போம். கிராஃபில் நேர்கோடு வந்துவிடும். ஆறாவதை மெஷினைப் பார்க்காமலே அப்சர்வேஷன் நோட்டில் எழுதிவிடுவோம். இதிலென்ன தப்பு என்று கேட்கும் நண்பர்களுக்கு ஓர் எண்ணை அறிமுகப்படுத்துகிறேன்: 4294967297. அதாவது 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297.

பிரான்சு நாட்டு ஃபெர்மா சட்டம் படித்தவர்; கணக்கு அவருக்குப் பொழுதுபோக்கு. 2-ஐ 1, 2, 4, 8, 16 என்ற அடுக்குகளுக்கு உயர்த்தி, ஒன்றைக் கூட்டிப் பார்த்தார். 3, 5, 17, 257, 65537. அஞ்சும் பகா எண்கள்! இனி வருவதெல்லாம் பகா எண்தான் என்று 1640-ல் கடிதம் எழுதினார். ஆனால் நிரூபணம் கையில் இல்லை என்பதை மனுஷன் மறைக்கவில்லை. (நம்ம ரெக்கார்டில் அந்த நேர்மைகூட இருக்காது.)

ஆறாவது எண், 2-ன் 32-ஆம் அடுக்குடன் ஒன்று. அதுதான் நம்ம ஆள். 1732-ல் ஆய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6700417. இதை வகுக்கும் பகா எண் எதுவானாலும், 64-ன் மடங்கோடு ஒன்று கூட்டியதாகவே இருக்கும் என்று பின்னாளில் அவரே நிரூபித்தார். அப்படிப் பார்த்தால் 193, 257, 449, 577, 641. அஞ்சாவது வகுத்தலிலேயே ஆள் மாட்டிக்கிச்சு! அந்த வரிசையில் 65537-க்குப் பிறகு இன்றுவரை ஒரு பகா எண்கூடக் கிடைத்ததில்லை.

கம்ப்யூட்டர் பிரிவு நண்பர்களுக்கு ஒரு கொசுறு. இதில் 2-ஐக் கழித்தால் 4294967295, 32 பிட்டில் அடங்கும் மிகப் பெரிய முழு எண். அதைக் காரணிப்படுத்தினால் 3 × 5 × 17 × 257 × 65537. ஃபெர்மாவின் அதே அஞ்சு ரீடிங்!

"ஒரு மெஷினுக்கு இருபது பேர், நேரம் எங்கப்பா?" என்பீர்கள். நியாயம்தான். அப்படியானால் அஞ்சை மட்டும் எழுதுவோம், ஆறாவது எடுக்கலைன்னு சொல்லுவோம். மார்க் குறைந்தால் குறையட்டும் என்பது என் கட்சி.

இப்படிப் பேச எனக்கும் யோக்கியதை குறைவுதான். மைல்ட் ஸ்டீல் கம்பியை இழுத்த சோதனையில் என் ஆறாவது ரீடிங் கோட்டின் மேல் அம்சமாக உட்கார்ந்திருந்தது. வைவாவில் எக்ஸ்டர்னல் கிராஃபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஏன் தம்பி, உங்க கம்பி ஈல்டே ஆகாதா?"