மீற்றர் சொல்லாத மைல்கள்

பழைய காரை விற்கும்போது மீற்றரிலுள்ள மைல் கணக்கைப் பத்திரத்தில் எழுதினால் போதும், வாங்குபவர் ஏமாறமாட்டார் என்கிறார் நண்பர். மன்னாரில் ஒரு மொறிஸ் மைனரின் மீற்றரைக் குனிந்து பார்த்ததுண்டா அவர்? ஐந்தே இலக்கம். 99,999 தாண்டினால் மறுபடி பூச்சியம். கேபிள் அறுந்தால் கார் ஓடும், மீற்றர் ஓடாது. யுத்தகாலத்தில் பெற்றோல் தடைப்பட்டபோது, காபரேற்றரில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி, மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் வடக்கில் எத்தனை! அந்தத் தேய்மானம் எந்த இலக்கத்தில் இருக்கிறது? அமெரிக்காவில்கூட ‘மீற்றரின் எல்லையைத் தாண்டியது’, ‘உண்மையான கணக்கல்ல’ என்று உரிமைப் பத்திரத்தில் குறிக்க இடமுண்டு. அந்தக் குறிப்புக்கூட இல்லாமல் வெறும் எண்ணை எழுதுவது பொய்க்கு முத்திரை குத்துவதே. எழுதத்தான் வேண்டுமென்றால், எஞ்சினை எப்போது இறக்கிக் கட்டினீர்கள், உப்புக்காற்றில் கறள் தின்ற அடித்தகட்டை எங்கெங்கே வெட்டி ஒட்டினீர்கள் என்று எழுதுங்கள்.