இரைச்சலும் இசையே!

மார்கழி வந்தால் மயிலைச் சபாக்களில் கச்சேரி கேட்கிறோம். வெளியே வந்ததும் தெரு இரைச்சலுக்குக் காதைப் பொத்துகிறோம். அவ்விரைச்சலும் இசையாகும் என்பதே எங்கள் கருத்து. 1948-இல் பாரிஸில் பியர் ஷேஃபர், பதிவு செய்த ரயில் ஓசைகளைக் கொண்டே இசை அமைத்தார். 1969-இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மின்னணு இசைக்கூடம் அமைந்தது. கீதா சாராபாய் முதலியோர் அங்கே புதுமை படைத்தனர். அவ்வொலிநாடாக்கள் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்து, 2023-இல்தான் இசைத்தட்டாக வெளிவந்தன.

“சுருதி இல்லாதது இசையா?” என்று பெரியோர் கேட்கலாம். பறக்கும் ரயிலின் தடதடப்பில் தாளம் இல்லையா? அடையாற்றுக் கடலலையில் ஏற்ற இறக்கம் இல்லையா? தி. நகர்ப் பூக்காரம்மாவின் கூவல் ஒருநாள் மறையலாம். தோழியரே, இன்றே பதிவு செய்வோம்! அருட்சகோதரியரே, ஆண்டு விழாவில் அவற்றை ஒலிக்க ஐந்து நிமிடம் தருவீர்களா?