சைகை காது கேளாதோருக்கு மட்டுமா?

சைகை மொழிக்கென பிஎம் இ-வித்யா 31-ஆம் சேனல் 2024 டிசம்பர் 6 அன்று தொடங்கப்பட்டது. வரவேற்கிறோம். ஆனால், காது நன்றாகக் கேட்டும் பேச்சு வராத, கற்றலில் சிரமப்படும் பிள்ளைகள் சேலம், நாமக்கல் பகுதி வீடுகளிலும் இருக்கிறார்களே, அவர்களுக்கு?

பிரிட்டனில் பிபிசியின் 'சம்திங் ஸ்பெஷல்' 2003 முதல் இத்தகைய பிள்ளைகளுக்காகவே வருகிறது. தொகுப்பாளர் ஜஸ்டின் பிளெட்சர் வாக்கியத்தை முழுதாகப் பேசுவார்; முக்கியச் சொற்களுக்கு மட்டும் கூடவே கையால் சைகை காட்டுவார். மக்காட்டன் என்று இம்முறைக்குப் பெயர். சைகை பழகினால் பேச்சே வராது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் அஞ்சுவதுண்டு. இதிலோ பேச்சை யாரும் நிறுத்துவதில்லை.

சேலத்துக்காரரான எடப்பாடி பழனிசாமி முதல்வராக 2019-இல் தொடங்கிவைத்த கல்வித் தொலைக்காட்சி அரசின் கையில்தான் இருக்கிறது. பசி, தண்ணீர், வலி என்பவற்றைச் சைகையோடு சொல்லித்தரும் தமிழ் நிகழ்ச்சி ஒன்று கேட்டு நம் ஜமாஅத்துகள் ஆட்சியரிடம் மனு கொடுக்கலாமே.