குழந்தையின் இதயம்: செக்கப் எப்போது தொடங்கணும்?

‘நாள் தள்ளிப்போச்சே’ என்று டெஸ்ட் செய்து, டாக்டரைப் பார்ப்பதற்குள் பெரும்பாலும் இரண்டு மாதம் நெருங்கிவிடும். ஆனால் கரு உண்டான 3-வது வாரத்திலிருந்து 8-வது வாரத்துக்குள் இதயத்தின் அமைப்பே முடிந்துவிடுகிறது.

சுமார் 100 குழந்தைகளில் ஒன்று இதயக் குறைபாட்டோடு பிறக்கிறது. எல்லாமே பரம்பரை விஷயம் இல்லை. கர்ப்பத்துக்கு முன்பிருந்தே கட்டுப்படாத சர்க்கரை, முதல் மூன்று மாதங்களில் தாக்கும் ரூபெல்லா, வலிப்புக்கான வால்ப்ரோயேட், முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினாயின், புகை, மது எல்லாம் ஆபத்தைக் கூட்டுபவை.

இவற்றில் பலவற்றை முன்கூட்டியே சரிசெய்யலாம். குழந்தைக்குத் திட்டமிடும்போதே சர்க்கரை டெஸ்ட் எடுக்கணும். ரூபெல்லா தடுப்பூசி போட்டால், ஒரு மாதமாவது கழித்தே கர்ப்பம் தரிக்கணும். வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்தவே கூடாது. டாக்டரிடம் மாற்று கேட்கலாம்.

இத்தனை செய்தும் குறை வரலாம். பல குழந்தைகளுக்குக் காரணம் இன்னதென்று சொல்லவே முடிவதில்லை. அப்போது, ‘நீ என்ன சாப்பிட்டே?’ என்று தாயைக் குடைவதில் நியாயமில்லை. கேட்க வேண்டியது அரசை: கர்ப்பப் பதிவோடு தொடங்கும் கவனிப்பு, திருமணப் பதிவோடு ஏன் தொடங்கக் கூடாது?