திரைக்குப் பின்னால் ஒரு முகம்

ஆசிரியனும் மாணவனும் ஒருவர் முகத்தை ஒருவர் நோக்கி அமர்ந்து பயில்வதே நம் கல்வி மரபு. காலமும் இடமும் அறிந்து, முகமலர்ச்சியோடு, மாணவனின் கொள்ளுந்திறன் உணர்ந்து பாடஞ்சொல்ல வேண்டும் என்பது நன்னூற் பொதுப்பாயிரம் ஆசிரியனுக்கு வகுக்கும் நெறி. முகமே காணாத வகுப்பில் இந்நெறியை எவ்வாறு பேணுவது? 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாத் தொற்றினால் கல்லூரிகள் மூடப்பட்டபோது இவ்வினா நம்முன் எழுந்தது.

இணையவழி வகுப்பில் நாம் கண்டவை பெயர் மட்டுமே தாங்கிய கறுப்புக் கட்டங்கள். எவ்வினாவுக்கும் வாய்திறவாத மாணவன் ஒருவனை, "படிப்பில் நாட்டமில்லையெனில் வகுப்புக்கு வருவானேன்?" என்று அனைவரும் கேட்கக் கடிந்துகொண்டோம். அவன் வீடு பெருங்குடியில். அன்று மாலை அவனே தொலைபேசியில் அழைத்தான். "ஐயா, எங்கள் வீட்டில் ஒரே அறை. அத்தாவின் தையல் எந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். நான் பேசினால் அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்குமே என்றுதான் பேசவில்லை" என்றான். நாம் நாணினோம். நாட்டமின்மை என்று நாம் எண்ணியது அவனது கூச்சமாயிருந்தது.

தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் வரிசையாய் நிற்கும் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பெருங்குடியிலேயே இந்நிலையெனில், சிற்றூர்களைச் சொல்லவும் வேண்டுமோ? 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை, ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்க்கு நாளொன்றுக்கு 2 ஜி.பி. இணையத் தரவை இலவசமாக வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு அறிவித்தது. போற்றத்தக்க செயலே. ஆயினும், தரவு அட்டை தனியறை ஆகாது, ஊக்கமும் ஆகாது.

ஆசிரியர் நிலையும் இரங்கத்தக்கதே. வகுப்பறையில் ஒரு தலையசைப்பு, ஒரு புன்னகை நம் களைப்பைப் போக்கிவிடும். அவையின்றி மௌனத்தை நோக்கிப் பேசிப்பேசிச் சோர்ந்தோம். வகுப்பறைக்கு மீண்ட பின்னரும் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் பாடம் கேட்பதும், படிவம் கேட்பதும் நின்றபாடில்லை.

இணையவழிக் கல்வியே வேண்டாம் என்பது நம் கருத்தன்று. 2017இல் தொடங்கப்பெற்ற 'ஸ்வயம்' தளம் பணிபுரிந்துகொண்டே பயில்வோர்க்கு நற்றுணை. நாம் வலியுறுத்துவது ஒன்றே: மாணவர் ஊக்கமும் ஆசிரியர் நலமும் இருவேறு சிக்கல்கள் அல்ல. முகம் மறைந்ததால் இருவரும் சோர்ந்தனர்.

எனவே, இணையவகுப்பு நடைபெறுமிடத்து, வாரம் ஒருமுறையேனும் ஒவ்வொரு மாணவனையும் பெயர் சொல்லி அழைத்து ஆசிரியர் நலம் வினவுக. வீட்டில் இடமில்லா மாணவர்க்கு மாலையிலும் நூலகத்தைத் திறந்து வைத்துக் கல்லூரி உதவுக. இரவு எட்டு மணிக்குமேல் ஆசிரியரின் கைப்பேசிக்கு ஓய்வு தருக. சமுதாயப் பெரியோர், கட்டடநிதி அளிக்கும் கைகளால் ஏழை மாணவனுக்கு ஒரு கைப்பேசியும் வாங்கித் தருக.

அன்று அந்த மாணவன் அழைத்திராவிடின், அவனைச் சோம்பேறி என்றே நாம் இன்றுவரை எண்ணியிருப்போம். அழைக்காதவர் எத்தனை பேரோ!