நம் குறிப்பு நம் கையில்

சென்ற ஆடி மாதத்தில் ஒரு காலை, வழக்கம்போல் கணிப்பொறியைத் திறந்து அன்றைய வேலைப் பட்டியலைப் பார்த்தபோது, என் தாயாரின் மருத்துவ இன்ஷூரன்ஸுக்குப் பிரீமியம் கட்ட வேண்டிய கடைசி நாள் அன்றுதான் என்று ஒரு வரி அதில் இருக்கக் கண்டு துணுக்குற்றேன். பதினான்கு நாள் முன்னதாகவே தோன்றி, ஒவ்வொரு காலையிலும் எனக்கு நினைவூட்டியிருக்க வேண்டிய அந்த வரி, அத்தனை நாளும் மௌனமாக இருந்துவிட்டுக் கெடு முடியும் தினத்தில் மட்டும் வந்து நின்றது. உடனே பணத்தைக் கட்டிவிட்டேன். நஷ்டம் ஒன்றும் நேரவில்லை. ஆயினும், இது ஏன் நேர்ந்தது என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் இடங்கொடுக்கவில்லை. அதற்கு விடை தேடிய அரைமணி நேரம், குறிப்பெழுதும் சாதனங்களைப் பற்றி நெடுநாளாக என் உள்ளத்தில் இருந்துவரும் ஓர் அபிப்பிராயத்தை வாசகர்கள் முன் வைத்தே தீர வேண்டும் என்ற எண்ணத்தை உறுதிப்படுத்தியது.

நான் கையாளும் சாதனத்தின் பெயர் ஆர்க் மோட். அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் 1976-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் கையில் உருப்பெற்று, 1985 முதல் எவரும் எடுத்து ஆராயலாம், மாற்றலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்ற சுதந்திரத்தோடு வெளிவரும் ஈமேக்ஸ் என்னும் எடிட்டருக்குள் அது ஓர் அங்கமாக இயங்குகிறது. கோள்கள் பிறக்கும் தூசித் தட்டுகளை ஆராய்பவரும், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்து வானியல் அறிஞருமான கார்ஸ்டன் டோமினிக், தம் சொந்தக் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்திக்கொள்ளும் பொருட்டு 2003-ல் இதை எழுதத் தொடங்கினார். 2007-ல் வெளியான ஈமேக்ஸின் 22-ஆம் பதிப்பு முதல் அதனுடன் சேர்ந்தே வரலாயிற்று.

இதன் அமைப்பில் மர்மம் ஒன்றுமில்லை. வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியும் ஓர் இடைவெளியும் இட்டு எழுதினால் அது தலைப்பு. இரண்டு நட்சத்திரம் இட்டால் உட்தலைப்பு. தலைப்பின் முகப்பில் ‘டூடூ’ என்ற சொல் நின்றால் அது செய்ய வேண்டிய காரியம். அதை ‘டன்’ என்று மாற்றினால் முடிந்த காரியம். கோண அடைப்புக்குள் தேதியை எழுதினால், அது உரிய நாளில் ‘அஜெண்டா’ என்ற நாள்நிரலில் வந்து சேரும். இத்தனையும் சாதாரண எழுத்துகளாக ஒரு கோப்பில் இருக்கின்றன. நாளைக்கு ஈமேக்ஸே இல்லாமற் போனாலும், எந்தக் கணிப்பொறியிலும் உள்ள எந்த எளிய எடிட்டரிலும் அந்தக் கோப்பைத் திறந்து வாசித்துவிடலாம்.

அன்று காலை நான் செய்ததும் அவ்வளவுதான். கோப்பைத் திறந்து அந்தத் தலைப்பைப் பார்த்தேன். தலைப்பின் கீழே, சென்ற ஆண்டின் ரசீது பீரோவின் இரண்டாம் தட்டில் இருக்கிறது என்று எனக்கே ஒரு ஞாபகக் குறிப்பு. அதற்கும் கீழேதான் ‘டெட்லைன்’ என்ற சொல்லும் தேதியும். காரணம் அந்தக் கணமே விளங்கிவிட்டது. கெடுவைச் சொல்லும் வரி தலைப்புக்கு அடுத்த வரியாகவே இருக்க வேண்டும் என்பது இந்தச் சாதனத்தின் விதி; இடையில் வேறொரு வரி புகுந்தால், அது கெடு என்று கொள்ளப்படுவதில்லை. ஆனால் கோண அடைப்புக்குள் உள்ள தேதி குறிப்பின் எந்த மூலையில் இருந்தாலும் அந்த நாளுக்குரிய நிகழ்ச்சியாகக் கருதப்படும். ஆகவேதான் என் கெடு முன்னெச்சரிக்கை ஏதுமின்றி அந்த ஒரு நாளில் மட்டும் தோன்றியது. அன்று நான் கவனியாமல் இருந்திருந்தால், கெடு தாண்டிவிட்டது என்ற தகவல்கூட இல்லாமல் மறுநாள் மறைந்தும் போயிருக்கும். அந்த வரியை ஒரு படி மேலே ஏற்றினேன், சரியாயிற்று. பிறகு, கோப்பு முழுவதையும் படித்து இத்தகைய பிசகுகளைச் சுட்டிக்காட்டும் ‘ஆர்க்-லிண்ட்’ என்ற கட்டளையை இட்டபோது, இடம் மாறி நின்ற வேறு நான்கு கெடுக்களும் அகப்பட்டன.

தவறு என்னுடையதே என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. நான் வற்புறுத்த விரும்புவது, அந்தத் தவறு என் கண்ணுக்குத் தெரியும்படி என் எதிரிலேயே இருந்தது என்பதையே. இதன் அருமை எனக்கு வேறோர் அனுபவத்தால் விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன், பார்வைக்கு மிக அழகான ஒரு குறிப்புச் செயலியில், படித்த புத்தகங்களின் சாரமும் வீட்டுக் கணக்கும் பயணக் குறிப்புமாக மூன்று ஆண்டுக்கால எழுத்தைச் சேர்த்து வைத்திருந்தேன். ஒருநாள் அந்தச் சேவை நிறுத்தப்படுகிறது என்று கடிதம் வந்தது. குறிப்புகளைத் திருப்பி எடுத்துக்கொள்ள அவகாசம் கொடுத்தார்கள்; எடுத்துப் பார்த்தபோது, எழுத்து வேறாகவும் தலைப்பு வேறாகவும், எழுதிய தேதிகள் எல்லாம் ஒரே தேதியாகவும் சிதறிக் கிடந்தன. முறையிட்டதற்கு மரியாதையான பதில் கிடைத்தது, பரிகாரம் கிடைக்கவில்லை. பூட்டிய பெட்டிக்குள் பிழை நேர்ந்தால் நாம் விண்ணப்பம் போடலாம். திறந்த ஏட்டில் பிழை நேர்ந்தால் நாமே ஆராயலாம். இந்த இரண்டுக்கும் உள்ள தூரம், குடியிருப்பவனுக்கும் வீட்டுக்காரனுக்கும் உள்ள தூரம்.

தமிழில் எழுதுவோர் இதை மற்றவர்களைக் காட்டிலும் அதிகமாக உணர வேண்டியவர்கள். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியேற்றமாகிய யூனிகோட் பரவுவதற்கு முன், ‘பாமினி’ போன்ற எழுத்துருக்களைக் கொண்டே நம்மவர் ஏராளமாக எழுதிக் குவித்தார்கள். திரையில் ‘அம்மா’ என்று தெரிந்த சொல், கோப்புக்குள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கிலக் குறிகளாகவே பதிவாகியிருந்தது. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் தாய்ச்சொல் போய், பொருளற்ற குறிகளே எஞ்சின. யூனிகோடின் முதற்பதிப்பிலேயே, 1991-ல், தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆயினும் தமிழ்நாட்டு அரசு 1999-ல் வேறு குறியேற்றங்களைத் தரமாக அறிவித்து, 2010-ல்தான் யூனிகோடை ஏற்றது. 1998-ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கப்பெற்று, தமிழ் இலக்கியங்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்து அன்பர்களும், முதலில் டிஸ்கி என்ற குறியேற்றத்தில் வெளியிட்ட இலக்கியங்களைப் பின்னர் யூனிகோடில் திரும்பவும் தர நேர்ந்தது. ஆகவே, நமக்குச் ‘சாதாரண எழுத்து’ என்றால் யூனிகோடில் அமைந்த எழுத்து என்றே பொருள். அதில் எழுதிய தமிழ் எவர் தயவும் இன்றித் தமிழாகவே நிற்கும்.

இனி, பிழை தேடும் முறையைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஏனெனில், இந்தச் சாதனத்தைப் பழகத் தொடங்குவோரில் பலர் முதல் இடையூற்றிலேயே மனம் தளர்ந்து விட்டுவிடுகிறார்கள். வேலைகள் நாள்நிரலில் வரவில்லை என்பதே பெரும்பாலோரின் முதற்குறை. அந்தக் கோப்பை நாள்நிரலுக்குரிய கோப்புகளின் பட்டியலில் சேர்த்திருக்கிறோமா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு, தேதி கோண அடைப்புக்குள் இருக்கிறதா, சதுர அடைப்புக்குள் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். சதுர அடைப்புத் தேதி வெறும் பதிவுக்காகவே உள்ளது, அது நிரலில் தோன்றாது. ‘டூடூ’ என்பதற்குப் பதிலாகச் ‘செய்க’ என்றும் ‘முடிந்தது’ என்றும் தமிழ்ச் சொற்களையே கோப்பின் தலையில் ஒரு வரியாக அறிவித்துக்கொள்ளலாம். நானும் அப்படியே செய்திருக்கிறேன். ஆனால் எழுதியவுடன் அது நடைமுறைக்கு வந்துவிடாது. அந்த வரியில் நின்று கண்ட்ரோல்-சி என்ற விசைச் சேர்க்கையை இருமுறை அழுத்தினால் வரும். இதை அறியாமல் ஒரு மாலைப்பொழுது முழுவதும் நான் திகைத்திருந்தேன்.

இவற்றிலும் கடினமான கோளாறுகள் உண்டு. ஈமேக்ஸுடன் வந்த பழைய ஆர்க் மோட் பாதியும், தனியே இறக்கிய புதியது பாதியுமாகக் கலந்துவிட்டால், விளங்காத பிழைச் செய்திகள் வரத் தொடங்கும். அத்தகைய சமயத்தில் செய்ய வேண்டிய முதற்காரியம், நம்முடைய அமைப்புக் கோப்பு எதையும் படிக்காமல் ஈமேக்ஸைத் துவக்கிப் பார்ப்பது. கட்டளையோடு ஒரு சிறுகோடும் ‘க்யூ’ என்ற பெரிய எழுத்தும் சேர்த்தால் அது அவ்வாறு துவங்கும். அங்கே கோளாறு இல்லையென்றால், குற்றம் நம் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. கோப்பில் பாதியை விலக்கிப் பார்க்க வேண்டும்; எந்தப் பாதியில் கோளாறு தொடர்கிறதோ அதை மீண்டும் பாதியாக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஆயிரம் வரிகள் கொண்ட கோப்பிலும் பத்துத் தடவைக்குள் குற்றமுள்ள வரி கையில் அகப்பட்டுவிடும். அனுமானத்தால் மயங்காமல், ஒன்றை நீக்கி ஒன்றைச் சோதித்து உண்மையை அணுகும் இந்தப் பழக்கம், கணிப்பொறிக்கு வெளியேயும் மனிதனுக்கு மிகுந்த பிரயோஜனம் தரும். பிள்ளைகளுக்குக் கணிப்பொறி கற்பிக்கும் ஆசிரியர்கள் இதைச் சிரத்தையோடு கற்பிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இதெல்லாம் கணிப்பொறித் தொழிலில் உள்ளவர்களுக்குத்தான் இயலும், அலுத்து வீடு திரும்பும் சாதாரண மனிதனுக்கு இத்தனை சிரமம் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஈமேக்ஸின் விசைச் சேர்க்கைகள் தொடக்கத்தில் கைக்கு வசப்படா. அதன் கையேடும் ஆங்கிலத்தில் இருக்கிறது. தமிழ் எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இராமையால், அட்டவணை போட்டால் கட்டங்கள் நேர்கோட்டில் நிற்பதில்லை. கைப்பேசியில் கிடைக்கும் செயலிகளின் சௌகரியம் இதில் இல்லை. ஆனால் எல்லோரும் ஆர்க் மோடையே கைக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தச் சாதனத்தைக் கையாண்டாலும், இதில் எழுதியதை வேறொன்றில் திறந்து வாசிக்க முடியுமா, தமிழ் யூனிகோடாகவே சேமிக்கப்படுகிறதா, கோளாறு நேர்ந்தால் அதன் காரணத்தை நானே காண வழியுண்டா என்ற மூன்று கேள்விகளை முதல் நாளிலேயே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள். மூன்றுக்கும் ஆம் என்ற விடை கிடைத்தால், மிக எளிய ஓர் எடிட்டரும் ஒரு கோப்பும் போதும். பாடுபட்டு எழுதிய எழுத்து பத்திரமாக இருக்கும்.

புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் டூப்ளேயின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-ல் தாம் காலமாகும் வரையில், கப்பல் வந்த செய்தியையும் கடைத்தெருச் செய்தியையும் தமிழில் எழுதி வைத்துப் போனார். எண்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1846-ல், கலுவா மோம்பிரன் என்ற பிரெஞ்சுக்காரரின் பார்வைக்கு வந்து அந்த ஏடுகள் பிரதி எடுக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் அவற்றை வாசிக்க எந்த ஸ்தாபனத்தின் அனுமதியும் தேவைப்படவில்லை. தமிழ் படிக்கத் தெரிந்தால் போதுமானதாக இருந்தது. நம் குறிப்புகள் அவ்வளவு பெருமைக்கு உரியவை அல்ல என்றாலும், அதே உரிமைக்கு உரியவையே.

என் கோப்பில் இப்பொழுது அந்த வரி தலைப்பை ஒட்டியே நிற்கிறது. தேதியின் பக்கத்தில் ஆண்டுதோறும் என்பதைக் குறிக்கும் சிறு குறியையும் சேர்த்திருக்கிறேன். ஆகவே, கட்டியாயிற்று என்று குறித்தவுடன் தேதி தானே அடுத்த ஆண்டுக்கு நகர்ந்துகொண்டது. ரசீது பீரோவில் இருக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்பு அதற்குக் கீழே இருக்கிறது. வரும் ஆண்டில் கெடுவுக்குப் பதினான்கு நாள் முன்னதாகவே அந்த வரி என் எதிரில் வந்து நிற்கும். ஒருவேளை வராவிட்டாலும், ஏன் வரவில்லை என்பதை எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.